நிசேயாவுக்கு வந்த துரியோதனன்

கலைமணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். ஒரு லைன்மேனுக்குத் தொண்டை கட்டினால் குடியா முழுகிவிடும் என்று கேட்டு இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். முழுகத்தான் பார்த்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சூசையூரில் சகாயமேரி அங்கன்வாடி டீச்சர். தெருக்காரர்கள் கூடிச் செபம் சொல்லும் அன்பியத்துக்கும் அவள்தான் தலைவி. மகன் கலைமணி, மின்வாரியத்தில் லைன்மேன். மருமகள் நிர்மலா, மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்.

நிர்மலாவின் அப்பா கிருஷ்ணப்பன் புளியங்கொட்டாயில் மஞ்சளும் தக்காளியும் போடுகிற விவசாயி. அது பகலில். பாரதக் கூத்து நடக்கும் ராத்திரிகளில் அவர் துரியோதனன். பெண்டாட்டி பெயர் பானுமதி என்று அமைந்தது தற்செயல்தான். துரியோதனன் பெண்டாட்டி பெயரும் அதுவே என்பதால் ஊரில் யாரும் அதைத் தற்செயல் என்று நம்புவதில்லை.

ஒரே மகள் நிர்மலா. அவள் ஞானஸ்நானம் வாங்கிக் கலைமணியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, யார் கேட்டாலும் "எனக்குப் புள்ளையே இல்லீங்க" என்பதுதான் கிருஷ்ணப்பன் சொல்லும் பதில். வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். சூசையூர் மண்ணைக் கிருஷ்ணப்பனாக மிதிக்க மாட்டேன் என்று சபதம் வேறு. மூன்று வருடமாக மகளிடம் ஒரு வார்த்தை இல்லை. பானுமதி மட்டும் மாட்டுக்கொட்டகையில் நின்று திருட்டுத்தனமாக மகளுக்குப் போன் பேசுவாள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் சகாயமேரி தன் ஊர்க் கோயில் விழாவுக்கு வேஷம் கட்ட அழைத்திருந்தாள்.

விழா சாதாரண விழா இல்லை. ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னால் நிசேயா என்ற ஊரில் கான்ஸ்தந்தைன் ராஜா ஆயர்களை, அதாவது பிஷப்புகளையெல்லாம் கூட்டிப் பெரிய சபை நடத்தினார். ஆரியுஸ் என்ற குருவானவர், "தந்தையான கடவுளுக்கு அவர் மகன் சமமில்லை, ஒரு படி கீழேதான்" என்று கிளப்பிவிட்ட வழக்கு அங்கே விசாரணைக்கு வந்தது. இல்லை, மகனும் தந்தையும் ஒரே பொருள், ஒருவருக்கொருவர் சமம் என்று சபை தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பிலிருந்து வந்ததுதான் பூசையில் சொல்லும் நீளமான விசுவாசப் பிரமாணம்.

அதன் ஆயிரத்து எழுநூறாம் ஆண்டுக்கு மற்ற ஊர்களில் வினாடி வினா வைத்தார்கள், கட்டுரைப் போட்டி வைத்தார்கள். சகாயமேரி கூத்து வைக்கலாம் என்றாள். இந்தப் பக்கத்தில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் கூத்தென்றால் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருவார் என்பது அவள் கணக்கு. பங்குச்சாமியாரும் சரி என்றுவிட்டார்.

ஆனால் ஆரியுஸ் வேஷத்துக்கு ஊரில் ஆள் கிடைக்கவில்லை. காரணம் குப்புராஜ். தவக்காலத்தில் நடந்த பாஸ்கா நாடகத்தில் அவர், காசுக்குக் குருவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேஷம் போட்டார். அன்றிலிருந்து டீக்கடையில் காசு நீட்டினால், "வெள்ளிக்காசா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கதி தங்களுக்கும் வேண்டாம் என்று ஒவ்வொருவராக நழுவினார்கள்.

கெட்டவன் வேஷத்துக்கு வெளியூர் ஆள் என்று முடிவான பிறகு, தாலுக்காவிலேயே பெரிய குரலைக் கேட்டு வாங்கியதுதான் சகாயமேரி செய்த பெரிய தப்பு. அது தப்பென்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

நேரில் போய்க் கேட்டபோது கிருஷ்ணப்பன் இரண்டே விஷயம் சொன்னார். வேஷம் கட்டிக்கொண்டுதான் ஊருக்குள் வருவேன், வேஷத்தில் இருக்கும்வரை நான் கிருஷ்ணப்பன் இல்லை, அதனால் சபதம் முறியாது. அப்புறம், இந்த ஆரியுஸ் தோற்கிறவனா என்று கேட்டார். ஆமாம் என்றாள் சகாயமேரி.

"துரியோதனனும் தோக்கறவந்தான். தோக்கறவன்தாம்மா நல்லாப் பேசணும்" என்றார் அவர்.

எதிரில் நின்று ஆரியுஸை மடக்கப் போகிறவர் அத்தனாசியுஸ் என்ற இளம் திருத்தொண்டர், குருப்பட்டத்துக்கு ஒரு படி கீழே. அந்த வேஷம் கலைமணிக்கு. மாமனாரைப் பேச்சில் ஜெயிக்கப் போகிறோம் என்ற உற்சாகத்தில் கரண்ட் கம்பத்தின் மேலே இருந்தபடியெல்லாம் வசனம் சொல்லிப் பார்த்தான். விழா அன்று காலையில் எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு, உப்புத்தண்ணீர் எல்லாம் ஆயிற்று. நிர்மலா தன் கடையிலிருந்து கொண்டுவந்த மாத்திரையும் ஆயிற்று. பத்து மணிக்குக் கலைமணி ஒரு தாளில் 'முடியாது' என்று எழுதி அம்மாவிடம் நீட்டினான்.

சகாயமேரி செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் தெருவில் இறங்கினாள். இளைஞர் மன்றத்தில் கேட்டாள், பாடகர் குழுவில் கேட்டாள். எல்லாரும் ஒரே பதிலைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். வேஷம் கட்டலாம், வசனம்கூடப் படித்துக்கொள்ளலாம், ஆனால் கிருஷ்ணப்பனுக்கு எதிரில் தர்க்கத்துக்கு நிற்க முடியாது. கூத்தில் தர்க்கம் என்பது எழுதி வைத்ததோடு நிற்காது. அவர் கேட்பார், நின்ற இடத்தில் பதில் சொல்ல வேண்டும். தாளம் ஒரு சுற்று வருவதற்குள் சொல்லாவிட்டால் தோல்வி.

வீட்டுக்குத் திரும்பி வந்து பாத்திரம் கழுவும் மேடையில் சாய்ந்து நின்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கூத்து வைக்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான்.

"நான் கட்டறேன் அத்தை" என்றாள் நிர்மலா.

சகாயமேரி திரும்பிப் பார்த்தாள். கலைமணி ஆமென்று வேகமாகத் தலையாட்டினான். இத்தனை நாளும் ராத்திரிச் சோறு ஆறிப்போக அவனுக்கு எதிரே ஆரியுஸாக நின்று எதிர்ப்பாட்டுச் சொன்னவள் நிர்மலாதான். வசனம் அவனைவிட அவளுக்குத்தான் மனப்பாடம். அதற்கும் மேலே, நடை பழகும் முன்பே தாளத்துக்குத் தலையாட்டக் கற்றவள் அவள்.

"உங்கப்பா பாத்தா பாதியில எறங்கிப் போயிருவாரும்மா."

"வேஷம் கட்டினா அவரு கிருஷ்ணப்பன் இல்லைன்னுதானே சொல்லியனுப்பிச்சாரு? அப்ப நான் வேஷம் கட்டினா நிர்மலா இல்லைங்க அத்தை. வூட்டுச் சண்டையை வெளியில வெச்சிட்டுத்தான் நிப்பேன்."

சொல்லும்போது அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது வேறு. மூன்று வருடமாக அப்பாவின் முகத்தை அருகில் பார்க்கவில்லை. சண்டை போட்டாவது அவரோடு பேச வேண்டும் என்று இருந்தது. இதைவிட்டால் வேறு வழி எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பங்குச்சாமியாரிடம் போய்ச் சொன்னார்கள். ஒரு பெண் திருத்தொண்டர் வேஷம் கட்டலாமா என்று அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அத்தனாசியுஸுக்கு அப்போது சின்ன வயசுதான், மீசை ஒட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு சகாயமேரி அங்கியைப் பிடித்துத் தைக்க உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குப் பாப்பாரப்பட்டிச் சந்தைக் கடைகள் அப்படியே நின்றன. மினி லாரியின் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில், முகத்தில் அரிதாரமும் தோளில் புஜக்கட்டையும் தலையில் கிரீடமுமாக, தன் துரியோதனன் கோலத்திலேயே கிருஷ்ணப்பன் வந்துகொண்டிருந்தார். அவருடைய கூத்து ஜமாவின் மிருதங்கக்காரரும் முகவீணைக்காரரும் காலடியில் உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஊரில் கூத்து என்று காய்கறிக்காரம்மாக்கள் கேட்க, நிசேயாவில் என்றார் அவர். அது பொம்மிடிப் பக்கமா என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

நாலு மணிப் பூசை முடிந்ததும் கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. சூசையூர்க்காரர்களைவிடச் சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனம் அதிகம். சகாயமேரியின் கணக்கு தப்பவில்லை. முன்வரிசையில் மடத்துச் சிஸ்டர்கள், அடுத்து பங்குச்சாமியார், அதற்குப் பின்னால் மண்ணில் பாய் விரித்து, மாட்டுக்குக் காவலாக நின்றுவிட்ட பானுமதியைத் தவிரப் புளியங்கொட்டாயே உட்கார்ந்திருந்தது.

குப்புராஜ் கட்டியக்காரனாக வந்து சபைக்கு வணக்கம் சொன்னார். இந்தத் தடவை தான் யாரையும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று சொன்னதும் முதல் கைதட்டல் விழுந்தது. கான்ஸ்தந்தைன் ராஜாவாக ரைஸ்மில்காரர் வந்தார். தொப்பைக்காகக் கொடுத்த வேஷம், தொப்பை நன்றாக நடித்தது.

பிறகு திரை பிடித்தார்கள். திரைக்கு மேலே கிரீடம் தெரிந்தபோதே விசில் கிளம்பிவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு சலங்கை அதிரக் கிருஷ்ணப்பன் மேடையைச் சுற்றி ஒரு வலம் வந்தார். நின்று பாடினார்.

"பெற்றவன் முந்தி, பிள்ளை பிந்தி.
பிள்ளையே இல்லாத காலமும் உண்டு."

அவ்வளவுதான். மைதானம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆயர் வேஷத்தில் உபதேசியார் எழுந்து பதில் சொன்னார். கிருஷ்ணப்பன் அவரிடம் ஒரே ஒரு எதிர்க்கேள்வி கேட்டார். உபதேசியார் உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் வேத வசனம் சொன்னார். அந்த வசனத்தையே திருப்பிப் பாட்டாக்கி அவர் தலையில் போட்டார் கிருஷ்ணப்பன். ஜனம் ஆர்ப்பரித்தது. ஒரு சிஸ்டரே கை தட்டிவிட்டுப் பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

பங்குச்சாமியாருக்கு வியர்த்துவிட்டது. ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னால் தோற்ற ஆள், தன் பங்கில், தன் கோயில் வாசலில், மைக் வைத்து ஜெயித்துக்கொண்டிருந்தான். இது மறைமாவட்டத்து ஆயருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது அவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

இரண்டாவது முறை திரை பிடித்தார்கள். வெள்ளை அங்கியில், கூந்தலை முடிந்து தலைப்பாகைக்குள் மறைத்து நிர்மலா வந்து நின்றாள்.

முகவீணை சட்டென்று சுருதி தப்பியது. ஊதுகிறவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாச் சுற்றியவர். பாயில் இருந்த புளியங்கொட்டாய் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. கிருஷ்ணப்பன் அவளைப் பார்த்தார். அரிதாரத்துக்கு அடியில் என்ன ஓடியது என்று யாருக்கும் தெரியவில்லை. இறங்கிப் போய்விடுவார் என்று சகாயமேரி மேடை ஓரத்தில் செபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் இறங்கவில்லை. கட்டியக்காரன் பக்கம் திரும்பி, சபையில் பெரியவர்கள் தீர்ந்துபோய்விட்டார்களா, சின்னதுகளை அனுப்புகிறார்களே என்று கேட்டார். தீரவில்லை ராஜா, எல்லாரும் உங்கள் வாயைப் பார்த்துப் பயந்துகிடக்கிறார்கள் என்றார் குப்புராஜ். ஜனம் சிரித்தது. தாளம் தொடங்கியது.

மரம் முந்தி, காய் பிந்தி. காய் மரத்துக்குச் சமமா என்று அவர் கேட்டார். காய்க்குள் கிடப்பதும் அதே மரம்தான், சந்தேகமிருந்தால் புதைத்துப் பார் என்றாள் அவள். குயவன் செய்த பானை குயவனாகுமா என்றார் அவர்.

"பானை செஞ்சது. பிள்ளை பொறந்தது. செஞ்சதுக்கும் பொறந்ததுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்கு எதுக்குக் கிரீடம்? புலிக்குப் பொறந்தது பூனையாகுமா, சபையோரே?"

ஆகாது என்று மைதானம் ஒரே குரலில் கத்தியது. கத்தியவர்களில் பாதிப்பேர் புளியங்கொட்டாய்க்காரர்கள். இறையியலில் இப்படி ஒரு வாக்கெடுப்பைப் பங்குச்சாமியார் பார்த்ததில்லை. அவர் தண்ணீர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார்.

கிருஷ்ணப்பன் ஒரு அடி முன்னால் வந்தார். மிருதங்கத்தை மெதுவாக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

"பெத்தவன் பேச்சைத் தாண்டிப் போன பிள்ளையும் பெத்தவனுக்குச் சமமா?"

இது ஆரியுஸ் கேட்ட கேள்வி இல்லை. மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியும், பாயில் இருந்தவர்களுக்கும் தெரியும். கலைமணி கூட்டத்தின் ஓரத்தில் எழுந்து நின்றான். அவனால் கத்தக்கூட முடியாது.

நிர்மலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாளம் சுற்றிக்கொண்டிருந்தது. எழுதிப் படித்த வசனத்தில் இதற்குப் பதில் இல்லை. வீட்டுச் சண்டையை வெளியில் வைத்துவிட்டு நிற்பேன் என்று காலையில் சொன்னதெல்லாம் போயிற்று. அதை உள்ளே கொண்டுவந்தவர் அவர்தான். அவள் மைக்கைவிட்டு விலகி அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"மகன் இல்லாத காலம் ஒண்ணு இருந்துச்சுன்னு பாடினீங்களே. அந்தக் காலத்துல அவருக்குத் தந்தைன்னு பேரு வெச்சது யாருங்க? என்னைக்கும் தந்தைன்னா, என்னைக்கும் மகனும் இருக்கோணும். பிள்ளை இல்லைன்னு சொல்ற வாயி, அப்பன்கற பேரையும் சேத்துத்தான் அழிக்குது. உங்களுக்கு அந்தப் பேரு வேணுமா, வேண்டாமா?"

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது. குரல் யாருடையது என்று யாரும் யாரிடமும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

தாளம் ஒரு சுற்று வந்தது. கிருஷ்ணப்பனிடம் பதில் இல்லாமல் இல்லை. ஒரு கேள்விக்குப் பத்துப் பதில் வைத்திருக்கிறவர் அவர், அது நிர்மலாவுக்குத் தெரியும். ஒன்றைக்கூட எடுக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கிரீடத்தின் கயிற்றை அவிழ்த்தார். கிரீடத்தைக் கழற்றிக் குப்புராஜ் கையில் கொடுத்தார். வெறும் தலையோடு, சூசையூர் மண்ணில் பரப்பிய பலகை மேல் கிருஷ்ணப்பனாக நின்றார்.

"வேணும்" என்றார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு மைக்குக்கு வந்தார். "சபையோரே, ஆரியுஸ் தோத்துட்டான். அவனைப் பேசி ஜெயிச்சது யாருன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லிக்கறேன். இது என் மக நிர்மலா. எனக்கு ஒரே புள்ளை."

நிர்மலா அழுதாள். அழாமல் என்ன செய்வாள்? மூன்று வருடமாகக் காதில் விழாத வார்த்தை. ஒலிபெருக்கி கட்டிய அத்தனை மரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் விழுந்தது. புளியங்கொட்டாய்ப் பெண்கள் குலவை போட்டார்கள். கோயிலில் யாரோ மணி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். சகாயமேரி செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தட்டினாள்.

கான்ஸ்தந்தைன் ராஜா தீர்ப்பை மறந்துவிட்டார். பரவாயில்லை என்று பங்குச்சாமியாரே மேடைக்கு ஏறி, விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். நீளமானது, சூசையூரில் பாதிப்பேர் நடுவில் தடுமாறும் பிரமாணம். அன்றைக்கு யாரும் தடுமாறவில்லை. தந்தையோடு ஒரே பொருள் என்ற இடம் வந்தபோது மைதானத்தின் குரல் தானாகவே ஏறியது. ஞானஸ்நானம் வாங்காதவர்களும் மரியாதைக்காக எழுந்து நின்றார்கள். பிரமாணம் முடியும்வரை கிருஷ்ணப்பன் மகளின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

அரை மணி நேரத்தில் அவர் சகாயமேரி வீட்டில் உட்கார்ந்திருந்தார். தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்து, முகத்தில் மிச்சமிருந்த சிவப்போடு களிக்கும் கோழிக்குழம்புக்கும் முன்னால் இருந்தார். பானுமதிக்குப் போன் போட்டு நிர்மலாவே சொன்னாள். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. கலைமணி மாமனாருக்கு விசிறிக்கொண்டிருந்தான். பேச முடியாதது அன்றைக்கு அவனுக்கு வசதியாகத்தான் இருந்தது.

இரண்டாவது உருண்டையைக் குழம்பில் தோய்த்தபடி கிருஷ்ணப்பன் சகாயமேரியைப் பார்த்தார்.

"ஆடியில எங்க ஊர்ல பாரதம் நடக்குதுங்க சம்பந்தியம்மா. பதினெட்டாம் போருக்கு எனக்கு எதிரா நிக்கப் பீமன் கிடைக்கல. வர்றவன் எல்லாம் பேச்சுல உழுந்துடறான். இவளை அனுப்புவீங்களா?"

சகாயமேரியின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. அன்பியம் என்ன சொல்லும், சாமியார் என்ன சொல்வார், ஞானஸ்நானம் வாங்கிய பெண் திரௌபதியம்மன் களத்தில் கதாயுதம் தூக்கினால் புளியங்கொட்டாய்ப் பெரியவர்கள்தான் என்ன சொல்வார்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடியது. ஆனால் அவர்கள் களத்திலிருந்து துரியோதனனை நிசேயாவுக்குக் கேட்டு வாங்கி வந்தவளும் அவள்தான்.

நிர்மலா அப்பாவின் தட்டில் இன்னொரு உருண்டை களி வைத்தாள்.

"கடைசியில பீமன் துரியோதனனைத் தொடையில அடிக்கோணுமேப்பா."

"பலமாவே அடி" என்றார் கிருஷ்ணப்பன்.

சகாயமேரி கரண்டிக் குழம்பைச் சம்பந்தியின் தட்டில் ஊற்றினாள்; அவள் சொன்ன பதில் அடுத்த வாரம்.